உள்ளூர்வாசிச் சலுகை: ஹாலே நகர நண்பர் குழாம் ஒன்றை முன்வைத்து ஒரு முன்னாய்வுக்கு முகவுரை

ராட்டினத்தைப் பற்றி எழுதியோர் உண்டு. ராட்டினத்திலிருந்து இறங்கி வாந்தி எடுத்ததைப் பற்றி எழுதியோர் அதனினும் மிகுதி. ஆனால் கேளிக்கைப் பூங்காவுக்குள் நுழையுமுன், டிக்கெட் கவுண்டர் எதிரே நின்று, "இங்க யாருடா லோக்கல்?" என்று ஒருவர் கேட்க மற்ற மூவரும் வானத்தைப் பார்க்கும் அந்த அரை நிமிடத்தை இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் ஆராய்ந்ததில்லை. ஆராயாததற்குத் தக்க காரணம் இருக்கக்கூடும் என்று நெறியாளர் ஒருவர் சுட்டிக்காட்டினார். அவருக்கு எம் நன்றி.

ஆய்வுக்களம் ஹாலே. டென்னிஸ் ஆடும் வெஸ்ட்ஃபாலிய ஹாலே அன்று. பிரஸ்ஸல்ஸ் அருகிலுள்ள பெல்ஜிய ஹாலேயும் அன்று. ஸாலே ஆற்றங்கரையில் உப்புக் காய்ச்சிப் பிழைத்த, 1685இல் ஹேண்டல் பிறந்த, அஞ்சல் குறியீடு 06இல் தொடங்கும் ஹாலே என்க. மூன்றையும் பிரித்தறியாமல் ரயில் ஏறியோர் கதை தனி நூலாகும்.

பக்கத்தில் பூங்கா உண்டோ எனின், உண்டு. லைப்ட்சிகின் தெற்கே, பழுப்பு நிலக்கரி தோண்டி முடித்த பூமியில், 2003இல் திறந்த பெலாண்டிஸ். அங்கே எகிப்தியப் பிரமிடு ஒன்றுக்குள்ளிருந்து படகு சறுக்கி வரும். 2010இல் 'ஹுராகான்' என்னும் உருள்வண்டி வந்தது. அது செங்குத்தைத் தாண்டி உள்வாங்கி விழும். எனினும் இக்கட்டுரைக்குக் காரணமான சலுகை வேறொரு பூங்காவினுடையது. அதன் பெயரை ஆய்வறம் கருதி மறைக்கிறோம். (சலுகை தீர்ந்துவிட்டது என்பதும் ஒரு காரணம்.)

இனி முன்னோர் கருத்து. ஒரே பொருளை ஆளுக்கொரு விலையில் விற்பதைக் கேம்பிரிட்ஜின் ஆர்தர் பிகூ 1920இல் தம் பொருளியல் நூலில் மூன்று படியாகப் பகுத்தார். மூன்றாம் படியாவது, வாங்குவோரை வெளியே தெரியும் அடையாளம் ஒன்றால் கூறுபிரித்து ஒவ்வொரு கூறுக்கும் ஒரு விலை வைப்பது. மாணவர், முதியோர், உள்ளூரார் என்னும் பாகுபாடெல்லாம் இதில் அடங்கும். விமானம் ஏறி வந்தவர் எந்த விலைக்கும் உள்ளே போவார். போகாமல் திரும்பினால் குழந்தைகள் விடமாட்டார்கள். பக்கத்துத் தெருக்காரரோ "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்பார். ஆகவே காற்றாடும் செவ்வாய்க்கிழமைகளை நிரப்பப் பக்கத்துத் தெருக்காரருக்கு விலையைக் குறைக்கிறார்கள். கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் டிஸ்னி பூங்காக்கள் அந்தந்த மாநிலத்தாருக்குத் தனி விலை வைப்பது இந்தத் தத்துவத்தால். இவ்வளவே பொருளியல். பிகூ நான்காம் படியைக் கண்டாரில்லை: சலுகை பெற்றவனிடமிருந்து சலுகை பெறாத நண்பர்கள் வசூலிக்கும் படி. அது பின்னர் விரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? வெனிஸின் டோஜே அரண்மனை உள்ளிட்ட அருங்காட்சியகங்களில் சொந்த நாட்டு, சொந்த ஊர் முதியோருக்கு மட்டும் சலுகை தந்தது தவறு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2003 ஜனவரியில் இத்தாலிக்குச் சொன்னது. ஜெர்மனியில் இதைவிடச் சுவையான வழக்கு உண்டு. பெர்ஷ்டெஸ்காடன் மலைப்பக்கம் ஊராட்சிகளுக்குச் சொந்தமான ஒரு குளியல் பூங்கா, சுற்றியுள்ள ஐந்து ஊராருக்கு மூன்றிலொரு பங்கு கட்டணத்தைக் குறைத்தது. எல்லை தாண்டி நீந்த வந்த ஆஸ்திரியர் ஒருவர் முழுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றங்கள் கைவிரித்தன. அரசமைப்பு நீதிமன்றத்தில் 2008ஆம் ஆண்டு எண் பெற்ற அவர் மனுவுக்கு 2016 ஜூலை 19இல் விடை கிடைத்தது: அவர் சொன்னதே சரி. சொந்த ஊராரைச் சும்மா தூக்கிவைக்கக் கூடாது. இடநெருக்கடி, ஊரார் சுமக்கும் செலவு என்று உருப்படியான காரணம் காட்ட வேண்டும். வெளியூராரை வா வா என்று அழைக்கக் கட்டிய குளத்தில் அந்தக் காரணம் செல்லாது என்பது தீர்ப்பின் சாரம். ஒரு நுழைவுச்சீட்டின் மூன்றிலொரு பங்குக்காக எட்டாண்டு காத்திருந்த அம்மனிதரை எம் துறையின் தந்தை என்று முன்மொழிகிறோம். பொதுப்பணத்தில் நடக்கும் குளத்துக்குத்தான் இந்தக் கடிவாளம். தனியார் பூங்காவுக்கு இத்தனை இறுக்கம் இல்லை.

இப்போது மையச் சிக்கலுக்கு வருவோம். உள்ளூர்க்காரர் என்பவர் யார்?

ஹாலே மக்களை மூன்றாகப் பிரிக்கும் பழமொழி அவ்வூரிலேயே உண்டு: ஹாலென்சர், ஹலோரர், ஹலுங்கர். ஹாலென்சர் அவ்வூரில் பிறந்தோர். ஹலோரர் உப்புக் காய்ச்சும் குலத்தார். அவர்களுடைய சங்கம் 1491இலிருந்து இருக்கிறது. புத்தாண்டில் அரசருக்கு உப்பும் தொத்திறைச்சியும் உப்புநீரில் ஊறிய முட்டையும் கொண்டுபோய்க் கொடுத்து, பதிலுக்குச் சலுகைகள் பெற்று வாழ்ந்தவர்கள். அரசர் போய்க் குடியரசுத் தலைவர் வந்தபின்னும் முட்டை போகிறது. உள்ளூர்வாசிச் சலுகையின் ஆதிவடிவம் இம்முட்டையே என்பது எம் துணிபு; மறுப்போர் முட்டையுடன் வருக. மூன்றாமவரான ஹலுங்கர் வந்தேறிகள். அச்சொல்லின் ஓசை ஜெர்மானியரின் 'போக்கிரி'யை ஒட்டியே நிற்கும்.

இனி எம் தகவலாளிகளை இம்முக்கூற்றில் பொருத்துவோம். தகவலாளி 'அ': ஹாலேயில் பிறந்த ஜெர்மானியர், எம் ஆய்வகத் தோழர். ஐயமின்றி ஹாலென்சர். ஆனால் காதலியின் பொருட்டு லைப்ட்சிகுக்குக் குடிபெயர்ந்தார்; அஞ்சல் குறியீடு 04 ஆயிற்று. தகவலாளி 'ஆ': மதுரைக்காரர், மார்ட்டின் லூதர் பல்கலைக்கழகத்தில் நெடுநாள் முனைவர்பட்ட மாணவர், ஹாலேயின் டிராம் வண்டி எந்த வளைவில் கிறீச்சிடும் என்று தூக்கத்திலும் சொல்வார். ஆயினும் அறை மாறியபின் பதிவு அலுவலகத்துக்குப் போகவில்லை. ("அடுத்த வாரம் போறேன் மச்சி": சமையலறைக் குளிர்பெட்டி, கதவு, காந்தத்தின் கீழ் மஞ்சள் சீட்டு, தேதியில்லை.) தகவலாளி 'ஈ': ஈழத்தவர், மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன். எண்பதுகளில் கிழக்கு பெர்லின் வழியாக வந்து மேற்கே போய், ஓய்வுக்காலத்தில் மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருப்பவர். அவருடைய கடிதமெல்லாம் இன்னும் டோர்ட்முண்டுக்குப் போகிறது. எஞ்சியவர் தகவலாளி 'இ'. கோயம்புத்தூரிலிருந்து இறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ரயில் நிலையத்துக்கும் சந்தைத்திடலுக்கும் வழி கேட்பவர்.

ஜெர்மனியில் 2015 நவம்பர் முதல் நடப்பிலுள்ள பதிவுச் சட்டப்படி, குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளுடன் போய்ப் பதிய வேண்டும். இதைக் கேட்டு உண்மையிலேயே பயந்தவர் குழுவில் 'இ' ஒருவரே. ஆகவே கவுண்டர் முன்னால் 06 என்று அச்சிட்ட, மை உலராத, முத்திரையிட்ட தாள் அவரிடம் மட்டுமே இருந்தது. பிறந்தவர் வெளியூரார்; பழம் தின்று கொட்டை போட்டவர் வெளியூரார்; வழி கேட்பவர் உள்ளூரார். பழமொழி இவரை ஹலுங்கர் என்கிறது. கவுண்டர் இவரையே மண்ணின் மைந்தர் என்கிறது.

இது ஹாலேக்கு மட்டும் உரிய விந்தை எனக் கருதற்க. மாமல்லபுரத்தின் நுழைவுச்சீட்டை எடுத்துக்கொள்க. இந்தியருக்கும் சார்க் நாட்டாருக்கும் 40 ரூபாய். பிற நாட்டாரில் பெரும்பாலோருக்கு 600 ரூபாய். எம் 'ஈ' அண்ணன் இலங்கைக் கடவுச்சீட்டோடு இருந்திருந்தால் 40. ஜெர்மானியக் கடவுச்சீட்டு எடுத்தபின் 600. வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருக்கும் கலிபோர்னியாத் தமிழருக்கு மறுபடியும் 40. சிகிரியாவிலும் அண்ணனுக்கு டாலர்க் கணக்கு. "பல்லவன் செதுக்கேக்க என்ர பாஸ்போட்டைப் பாத்தவனே?" என்று அவர் கேட்ட வினா (எஸ்-பான் ரயில், மேல்மாடி, ஜன்னலோரம், வாய்மொழி, 'செதுக்கேக்க' என்பது 'ஆ'வின் பாடம், 'கொத்தேக்க' என்பது 'இ'யின் பாடம்) கல்வெட்டில் பொறிக்கத்தக்கது. ஒரே மனிதனின் உள்ளூர்த்தன்மை பதினைந்து மடங்கு ஏறி இறங்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஹாலேயிலோ இச்சிக்கலுக்கு முந்நூறாண்டு வயது. பாதிரியார் ஃபிராங்கே 1698இல் நிறுவிய அறக்கட்டளை வளாகத்தில் படித்தவர்கள் தமிழுக்கு வந்தார்கள். பார்த்தலோமேயு சீகன்பால்கு புல்ஸ்னிட்ஸில் பிறந்தார். ஹாலேயில் சிறிது காலம் படித்தார். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். திண்ணைப் பிள்ளைகளோடு மணலில் விரலால் அகரம் எழுதினார். 1719இல் அங்கேயே மண்ணானார். இவரை ஹாலேக்காரர் என்கின்றன நூல்கள். பதிவுத் தாள் கேட்டால் தரங்கம்பாடி முகவரிதான் கிடைக்கும். அவருக்காக ஹாலேயில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் 1713இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தன. ஆக அவ்வெழுத்துகள் பிறப்பால் ஹாலென்சர், வாழ்க்கையால் தரங்கம்பாடியார். எதிர்த்திசையில் போன ஓலைச்சுவடிகளோ பிறப்பால் சோழநாட்டார். இன்று ஃபிராங்கே வளாகத்து அற்புதப் பொருள் அறையில் தனி அலமாரியில் நிரந்தரக் குடியிருப்பு. அவற்றைப் பார்க்கப் போகும் கும்பகோணத்துக்காரர் டிக்கெட் வாங்க வேண்டும். ஓலைக்கு வேண்டா. ஓலைக்குப் பதிவெண் உண்டு, மனிதனுக்கும் பதிவெண் உண்டு. ஆயின் ஓலையிடம் வாடகை ஒப்பந்தம் கேட்டாரில்லை. இது குறித்துத் தனி ஆய்வேடு வருகிறது (காண்க: ‘டூர் ஃபைனல் 2’ வாட்ஸ்அப் குழு, நள்ளிரவுப் படலம், 'ஃபைனல்' இடைச்செருகல் என்பாரும் உளர், '2' பிற்சேர்க்கை என்பாரும் உளர், மூலம் 'செய்தி அழிக்கப்பட்டது' என்ற குறிப்போடு இறந்துபட்டது, அழியுமுன் கண்டோர் மூவர், மூவரும் மூன்று விதமாக நினைவுகூர்கின்றனர், கட்டைவிரல் குறி ஒன்று மட்டும் எஞ்சியுள்ளது. அக்குறிக்குச் 'சம்மதம்' என்று பொருள் கொள்வர் ஒருசாரார், 'பார்த்துவிட்டேன்' என்பர் பிறர், 'வரமாட்டேன், ஆனால் இப்போது சொல்லமாட்டேன்' என்பதே பொருந்தும் என்பது எம் உரை).

சீகன்பால்கு 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களின் வம்சவரலாற்றை எழுதி ஹாலேக்கு அனுப்பினார் என்பதையும் ஈண்டு நினைக. ஃபிராங்கே அதை அச்சேற்றவில்லை. 1867இல் சென்னையில்தான் அது அச்சாயிற்று. நூற்றைம்பத்து நான்கு ஆண்டு. உள்ளூர்த் தெய்வம் வெளியூர் இதழில் இடம்பெற இவ்வளவு தாமதம் ஆவது இயல்பே. எம் கட்டுரையும் ஓர் ஆய்விதழின் மதிப்பீட்டாளரிடம் இருக்கிறது, யாம் கவலைப்படவில்லை. உள்நாட்டாருக்கு ரூபாயிலும் வெளிநாட்டாருக்கு டாலரிலும் பதிவுக் கட்டணம் வாங்கும் கருத்தரங்குகளில், சங்ககாலத்தில் ஊருக்கும் விருந்துக்கும் பேதமில்லை என்று கட்டுரை வாசிக்கும் பேராசிரியர்கள் எமக்கு இதில் வழிகாட்டி.

இனிக் கவுண்டரில் கண்ட பிற சலுகைகள். மாணவர் சலுகை: உண்டு. முதியோர் சலுகை: 'ஈ' அண்ணன் ஏற்க மறுத்தார். மழைக்காலச் சலுகை: மழை பெய்தது, சலுகை பெய்யவில்லை.

இறுதியாகப் பிகூ காணாத நான்காம் படி. 'இ'க்கு மட்டும் குறைந்த விலை. மிச்சமான தொகை யாருடையது? 'இ' சொன்னார்: "தாள் என்னுது, வரிசையில நின்னது நான்." 'அ' சொன்னார்: ஊர் தம்முடையது, ஆகவே தள்ளுபடியின் மூலப்பொருள் தம்முடையது. 'ஆ'வின் வாதம் நுட்பமானது: அந்தப் பதிவு அலுவலகத்துக்கு வழி சொன்னவரே தாம்தானாம். "தம்பியவை, காசை நாலாப் பிரியுங்கோ, சண்டை வேண்டாம்" என்று அண்ணன் நடுவரானார். நாலாகப் பிரித்தால் ஆளுக்கு வருவது ஒரு நாணயமும் சில்லறையும். அதை யார் வைத்திருப்பது, யார் செயலியில் ஏற்றுவது என்று மீண்டும் தொடங்கிற்று.

ஆகவே மிச்சம் முழுவதும் வாசலிலேயே ஒரு தட்டுப் பொரித்த உருளைக்கிழங்காக மாறியது. அதில் மயோனைஸ் கேட்டவர் 'அ' ஒருவரே என்பதால் மயோனைஸின் கூடுதல் விலை ஹாலென்சர் தலையில் ஏற்றப்பட்டது. நடுவர் தம் பங்குக்கு மேல் எடுத்துவிட்டார் என்ற 'இ'யின் மனு நிலுவையில் உள்ளது. அண்ணன் பதில் மனுவாகக் கட்டைவிரல் குறி ஒன்று இட்டிருக்கிறார்.