பாண்டிச்சேரி பி

திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்தால் மூலையில் அதே அறிவிப்பு. நெட்வொர்க் டிரைவ்கள் அனைத்தையும் மறுபடி இணைக்க முடியவில்லையாம். அனைத்தையும் என்ன அனைத்தையும்? எங்களுக்கு இருப்பதே ஒன்று. பி டிரைவ். பெங்களூர் பி இல்லை, பாண்டிச்சேரி பி. அதன் தலையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. அதைச் சொடுக்கினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி டிரைவ் திறந்துகொள்ளும், குறியும் போய்விடும். அப்புறம் எதற்காக முடியவில்லை என்று சொன்னாய் என்று கேட்டால் பதில் வராது. முதலாளியோ சொடுக்கிப் பார்க்கிற ஜாதி இல்லை. சிவப்பைப் பார்த்த மாத்திரத்தில் என்னைக் கூப்பிடுகிற ஜாதி.

"தம்பி, பி-யைக் காணேல்லை. எங்க கொண்டுபோய் வைச்சனீர்?"

நான் எங்கே கொண்டுபோவேன்? அது முதலிலேயே இங்கே இல்லை. அதுதானே கிளவுட். இதை அவரிடம் சொன்னால், "இல்லாததுக்கு ஏன் மாசாமாசம் காசு கட்டுறம்?" என்பார். இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

எங்கள் கிடங்கு சிட்னிக்கு மேற்கே வில்லாவுட்டில் இருக்கிறது. வில்லாவுட் என்றால் நம் ஆட்களுக்குக் குடிவரவுத் தடுப்பு முகாம் மட்டும்தான் ஞாபகம் வரும். படகேறி வந்த எத்தனையோ தமிழர்கள் வருடக்கணக்கில் காத்துக் கிடந்த இடம் அது. சிரிக்க அதில் ஒன்றுமில்லை. ஆனால் எங்கே வேலை என்று கேட்டு நான் ஊர்ப் பெயரைச் சொன்னதும், "ஐயய்யோ, விசாவுல ஏதும் சிக்கலா?" என்று குரலைத் தாழ்த்தும் சொந்தக்காரர்களை என்ன செய்வது? இங்கே அரிசி மூட்டையும் தேங்காய்ப்பால் டின்னும்கூடத்தான் தங்கியிருக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களுக்கு இந்த ஊரில் ஒரு விடுதி இருந்தது. அங்கே சந்தித்த இளைஞர்கள்தான் 1964இல் ஈஸிபீட்ஸ் என்ற பாட்டுக் குழுவைத் தொடங்கி, ஆஸ்திரேலியா முழுவதையும் ஆட வைத்தார்கள். ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்தார்கள், அதனால் பாட்டு அமைந்தது. ஒருவர் வில்லாவுட்டிலும் ஒருவர் சென்னை அம்பத்தூரிலும் இருந்து, நடுவில் ஒரு பி டிரைவும் இருந்திருந்தால் முதல் பாட்டின் பல்லவியையே இன்னும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் நிலைமை அதுதான். சரக்கு வில்லாவுட்டில். விற்பனை மெல்பேர்னில், டான்டினாங்கில். கணக்கு சென்னை அம்பத்தூரில். பனங்கட்டிக்கும் ஒடியல் மாவுக்கும் லேபிள் வரைகிற பெண் யாழ்ப்பாணத்தில். நாலு ஊருக்கும் ஒரே விலைப்பட்டியல், ஒரே கன்டெய்னர் கணக்கு. இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்த டிரைவ் எழுத்து விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

ஃபைல்கள் கிளவுடில் இருந்தால் பிரவுசரில் திறந்து பார்த்துவிட்டுப் போகலாம். போவோமா? மாட்டோம். நமக்கு அது "மை கம்ப்யூட்டர்" என்ற வீட்டுக்குள், ஒரு எழுத்தோடு, ஒரு பெட்டிப் படத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். எழுத்து இல்லாத டிரைவை நாம் டிரைவ் என்று மதிப்பதில்லை. இந்த எழுத்துகள் 1970களில் சிபி/எம் காலத்திலேயே வந்துவிட்டன. 1981இல் டாஸ் அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டது. ஏ, பெங்களூர் பி இரண்டும் ஃப்ளாப்பிக்கு. 1983இல் ஐபிஎம் தன் எக்ஸ்டி கணினியில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கைப் போட்டு விற்றபோது அதற்குக் கிடைத்தது சி. ஃப்ளாப்பி செத்துப் பல வருடமாயிற்று. ஆனாலும் சி இன்னும் மூன்றாவது இடத்திலேயே நிற்கிறது. முன்னால் இருந்த இரண்டு பெரியவர்களின் நாற்காலியில் உட்கார அதற்குத் துணிச்சல் வரவில்லை.

இது உலகக் கதை. நம் கதை சென்னை ரிச்சி தெருவில் தொடங்குகிறது. அங்கே கணினி அசெம்பிள் செய்துகொண்டு வந்தவர்களுக்குத் தெரியும். ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான் இருக்கும்; கடைக்காரத் தம்பி அதைக் கேட்காமலே சி, டி, ஈ, எஃப் என்று நாலாக வகுந்து கொடுப்பார். கொடுக்கும்போது ஒரு உபதேசம்: "சார், சி-ல மட்டும் எதுவும் வைக்காதீங்க. ஃபார்மட் பண்ணா போயிடும்." அவ்வளவுதான், நம் தலைமுறைக்கு வேதவாக்கு கிடைத்துவிட்டது. டி-யில் பாட்டு. ஈ-யில் படம். எஃப்-இல் "பர்சனல்" என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் "நியூ ஃபோல்டர்", அதற்குள் இன்னொரு "நியூ ஃபோல்டர்", அதற்குள் தங்கச்சி கல்யாண ஆல்பம், ரேஷன் கார்டு ஸ்கேன், யாரோ ஒருவருடைய ரெஸ்யூமே. வைரஸ் வந்தால் சி-யைத் துடைத்துவிட்டு மற்ற மூன்றோடும் நிம்மதியாக வாழ்ந்தோம். ஹார்ட் டிஸ்க்கே போனால் நாலும் சேர்ந்துதான் போகும் என்று அந்தத் தம்பியும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

அப்படி வளர்ந்தவர்கள்தான் இன்று அம்பத்தூரில் எங்கள் கணக்கைப் பார்க்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த பையனுக்குப் பி டிரைவைப் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். "சார், இங்க எல்லாருக்கும் இசட் சார்" என்றார் அங்கிருக்கும் பொறுப்பாளர். ஏன் இசட்? அவர் முன்பு வேலை பார்த்த ஆபீசில் நாவெல் நெட்வேர் இருந்ததாம். அங்கே இசட்தான் சர்வராம். பழக்கம் போகவில்லை. நெட்வேர் போய்விட்டது. டான்டினாங்கில் பென் டிரைவைச் செருகியே வைத்திருக்கும் விற்பனை அண்ணாவுக்கு ஈயும் எஃபும் போய், கடைசியில் அதே ஃபோல்டர் எச் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. யாழ்ப்பாணப் பெண் கூகுள் டிரைவும் வைத்திருக்கிறாள். அது தானாகவே ஜி-யைப் பிடித்துக்கொண்டது. மிச்சத்தில் ஒன்றை எடுத்துக்கொள் என்றால், "அண்ணா, எனக்கு எல் தாங்கோ, என்ர பேர் எல்-இல தொடங்குது" என்கிறாள். ஆக ஒரே ஃபோல்டர்; வில்லாவுட்டில் பி, அம்பத்தூரில் இசட், டான்டினாங்கில் எச், யாழ்ப்பாணத்தில் எல். முதலாளி, "பி-யில போட்டிருக்கு, பாரும்" என்று மெயில் அனுப்புவார். "சார், பி-யே இல்ல சார்" என்று பதில் வரும். "அப்ப எதில இருக்கு?" "ஸீ-ல இருக்கு சார்." அம்பத்தூர்ப் பொறுப்பாளர் அமெரிக்கக் கம்பெனிக்கு இரவு ஷிஃப்ட் பார்த்தவர், இசட்டை ஸீ என்பார். முதலாளி காதில் அது சி. அவர் தன் சி-யைத் திறந்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள் புகுந்து, ஜூன் மாத மிளகாய்த்தூள் கணக்கைத் தேடுவார். ஒருநாள் அங்கே ஏதாவது ஒன்றை அழித்து வைக்கத்தான் போகிறார்.

எல்லாருக்கும் ஒரே எழுத்தை வைத்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்காமல் இருப்பீர்களா? இரண்டு நிமிட வேலை. ஒரு கட்டளை, ஒரு வரி. ஆனால் எக்செல் ஃபைல்கள் ஒன்றையொன்று முழு முகவரியோடு பிடித்துக்கொண்டிருக்கின்றன. எழுத்தை மாற்றினால் கட்டம் கட்டமாகப் பிழை முளைக்கும். அதனால் யாரும் தன் எழுத்தை விட்டுக்கொடுப்பதாக இல்லை. வயல் வரப்புக்கு வழக்குப் போட்ட பரம்பரை, ஒரு எழுத்தையா விடும்?

சரி, எழுத்து போகட்டும். வேகம்? இப்படி எழுத்து கொடுத்து இணைக்கும் மேப் டிரைவ் என்பது 1980களில் ஐபிஎம்மில் பிறந்த எஸ்எம்பி என்ற நெறிமுறையில் ஓடுவது. ஒரே கட்டடத்தில் இருக்கும் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அமைத்தது. அது வளவளவென்று பேசும்: ஃபோல்டரைத் திறக்க ஒரு கேள்வி, உள்ளே எத்தனை என்று ஒரு கேள்வி, ஒவ்வொரு ஃபைலையும் திறக்க, படிக்க, மூட என்று தனித்தனிக் கேள்வி. ஒரே கட்டடத்தில் பேசினால் பாதகமில்லை. சிட்னிக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டிலேயே 9,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். ஆக, ஒரு கேள்விக்குப் பதில் வர எப்படிப் பார்த்தாலும் 90 மில்லி நொடியாவது ஆகும். ஆயிரம் ஃபைல் இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதிலும் பல இணையச் சேவைக்காரர்கள் எஸ்எம்பி போகும் 445ஆம் போர்ட்டையே அடைத்து வைத்திருக்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை: 2017 மே மாதம் வானாக்ரை ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது அந்தக் கதவு வழியாகத்தான். எனவே, கிளவுட்காரர்கள் தரும் சின்ன மென்பொருளைப் போட்டு, டிரைவ் மாதிரி நடிக்க வைக்கிறோம். நடிப்பு பிரமாதம். எல்லா ஃபைலும் பெயரோடு, தேதியோடு, பக்கத்தில் நீல மேகப் படத்தோடு வரிசையாக நிற்கும். திறந்தால்தான் தெரியும், உள்ளே ஒன்றும் இல்லை; இனிமேல்தான் இறங்க வேண்டும். பந்தியில் இலையைப் போட்டு ஆளை உட்கார வைத்துவிட்டு அரிசி வாங்கக் கடைக்கு அனுப்புவது போல. கிடங்கின் பின்பக்கம் வைஃபை எட்டாத மூலையில், லாரிக்காரர் முன்னால் நின்றுகொண்டு முதலாளி அப்படிப்பட்ட ஃபைலைத்தான் திறப்பார். பச்சை டிக் இருந்தால்தான் கைவசம் இருக்கிறது என்று பலமுறை சொல்லிவிட்டேன். "எனக்கு நிறம் பாக்கத் தெரியாதே?" என்கிறார். தெரியும். சிவப்பு மட்டும் நன்றாகத் தெரியும்.

இன்னொன்று, பெயர் வைப்பது. விண்டோஸில் ஃபைலின் முழுப் பாதைக்கும் சேர்த்து 260 எழுத்து என்பது பழைய வரம்பு. பல மென்பொருள்கள் இன்னும் அதையே பிடித்துத் தொங்குகின்றன. ஆங்கிலத்தில் தாராளம். நாங்கள் தமிழில் வைக்கிறோம். கொத்தமல்லி என்றால் நாம் விரல் விட்டு 6 எழுத்து எண்ணுவோம். கணினி உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றையும் தனியாகக் கணக்குப் போட்டு 10 என்கிறது. முதலாளி வைக்கும் பெயரோ கொத்தமல்லியோடு நிற்காது: "கொத்தமல்லித்தூள் புதிய விலை தீபாவளிக்கு முன் அனுப்பவேண்டியது அவசரம்" என்று ஃபோல்டர், அதற்குள் அதே பெயரில் "சரிபார்த்தது" சேர்த்து இன்னொன்று. நாலாவது படியில் கணினி கையை விரித்துவிடும். அவசரம் என்று பெயர் வைத்ததாலேயே அது போய்ச் சேரவில்லை.

போய்ச் சேர்ந்தாலும் திறக்க முடியாது. "இந்த ஃபைலை அட்மின் திறந்து வைத்திருக்கிறார்" என்று வரும். யார் அந்த அட்மின்? அம்பத்தூரில் இருக்கும் எல்லாக் கணினியிலும் பயனர் பெயர் அட்மின்தான். கடைக்காரர் வைத்துக் கொடுத்தது. ஒவ்வொருவராகக் கேட்டால், "நான் இல்ல சார்" என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். அட்மின் அன்று லீவாக இருப்பார். ஃபைல் திறந்தபடியே இருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் 2024 மே மாதம் யூனிசூப்பர் கதை வந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஓய்வூதியப் பணத்தை வைத்திருக்கும் ஆஸ்திரேலிய நிதியம். அதன் பிரைவேட் கிளவுடையே கூகுள் கிளவுடில் தவறுதலாக அழித்துவிட்டார்கள். அமைக்கும்போது ஒரு இடத்தை நிரப்பாமல் காலியாக விட்டார்களாம். கெடு முடிந்ததும் அது தானாகவே அழிந்துவிட்டது. வேறொரு நிறுவனத்திடம் தனியாகப் பிரதி வைத்திருந்ததால் தப்பித்தார்கள். நம் முதலாளிக்கு இந்தச் செய்தி கிடைத்த அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். "பாத்தீரே? இதுக்குத்தான் நான் பிரின்ட் எடுத்து வைக்கிறனான்." பி டிரைவில் இருக்கும் எல்லாமும் மேல்மாடியில் நாடா கட்டிய ஃபைல்களாக இருக்கிறது. கிளவுடுக்கு மாதச் சந்தா, அதற்கு மேல் டோனர்.

உண்மையைச் சொன்னால் வயிற்றெரிச்சல் வேறு. இவ்வளவும் செய்து, பாஸ்வேர்ட் கொடுத்து, அனுமதி கொடுத்து, வீடியோ அழைப்பில் கையைப் பிடித்து எழுதப் பழக்குகிற மாதிரி பழக்கிய பிறகும், விலைப்பட்டியல் எங்கே பயணம் செய்கிறது? வாட்ஸ்அப்பில். திரையைக் கைப்பேசியால் படம் பிடித்து, கோணலாக, பாதி வெளிச்சத்தில், கட்டைவிரல் நிழலோடு. அதைப் பார்த்து அம்பத்தூரில் திரும்ப டைப் அடிக்கிறார்கள். அப்படி அடித்ததைப் பி-யில் போடுகிறார்கள், அதாவது இசட்டில். நீங்களும் இன்று காலை யாருக்கோ அப்படித்தான் அனுப்பியிருப்பீர்கள். சிரிக்க வேண்டாம்.

இந்த நிலையில்தான் அம்பத்தூர்ப் பொறுப்பாளர் காரணத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். "சார், பி-க்கு எண்கணிதத்துல எட்டு சார். சனி. அதான் அடிக்கடி அறுந்து அறுந்து போகுது." தன்னுடைய இசட் ஏழு, கேது என்பதை அவர் சொல்லவில்லை. எல் என்றால் மூன்று, குரு. யாழ்ப்பாணப் பெண்ணுக்கு ஒருநாளும் சிவப்புக் குறி வந்ததில்லையாம். முதலாளி கோயிலில் வைத்து இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டார். எல்லாருக்கும் ஒரே எழுத்து என்று நான் கெஞ்சியபோது அசையாதவர்கள், குரு என்றதும் ஒரே குரலில் எல்லுக்குச் சம்மதித்துவிட்டார்கள். எக்செல் பிழைகளை நான் பார்த்துக்கொள்வேனாம்.

குருவுக்கு உகந்த வியாழக்கிழமை மாற்ற வேண்டும் என்று உத்தரவு. அன்றைக்கு ராகு காலம் ஒன்றரையிலிருந்து மூன்று. சிட்னியில் அது முடியும்போது சென்னையில் தொடங்கியே இருக்காது. சென்னையில் முடியும்போது இங்கே கிடங்கைப் பூட்டிவிட்டு எல்லாரும் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். எந்த ஊர் ராகு என்று கேட்டு மெயில் போட்டிருக்கிறேன். "சர்வர் எந்த ஊர்ல இருக்கோ, அந்த ஊர் டைம் சார்" என்று பதில் வந்திருக்கிறது.