எந்த வழியா போனீங்க?

கார் சீட்டில் ஒட்டிய மக்ரூன் துகளைக்கூட இன்னும் தட்டி முடிக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டிவிட்டார். "தூத்துக்குடிக்கு எந்த வழியா போனீங்க?" தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை என்றேன். "அடடா! கரூர் போய்ப் போயிருக்கலாமுங்களே" என்றார், இழவு வீட்டில் துக்கம் விசாரிக்கும் குரலில். நாங்கள் கரூர் வழியாகப் போன வருஷம், தாராபுரம் போயிருக்கலாமே என்று வருத்தப்பட்டவரும் இவர்தான்.

எது சரியான வழி என்பதை இந்தக் கட்டுரையில் ஒரேயடியாகத் தீர்த்து வைக்கப்போகிறேன். அதற்கு முன்னால் துணி மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை.

ஷிப்மெண்ட் இருக்கிற வாரத்தில் பனியன் கம்பெனிக்காரன் எந்த ஊருக்கும் போகமாட்டான். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, என்னைப் போன்ற ஜாப் ஒர்க் ஆட்களுக்கு வாரத்தில் பாதி நாள் ஞாயிற்றுக்கிழமை ஆனது. சரி, நம் சரக்கு போகிற ஊரை நாமும் பார்ப்போமே என்று கிளம்பினோம். சாயங்காலம் இங்கே திருப்பூரில் லோடு ஏறும் கண்டெய்னர் மறுநாள் வ.உ.சி. துறைமுகத்தில் நிற்கும். அங்கிருந்து கொழும்பு, கொழும்பில் பெரிய கப்பல், அப்புறம் ஐரோப்பா. கண்டெய்னருக்கு மூச்சா வராது. எங்கள் வீட்டு இரண்டு வயசு அம்மிணிக்குக் கொடுவாயிலேயே வந்துவிட்டது. அடுத்து ஒட்டன்சத்திரத்தில். எலியார்பத்தி டோல்கேட் வரிசையில் வாந்தி. ஒவ்வொரு முறையும் ஓரங்கட்டி, டிக்கியைத் திறந்து, அந்த மூட்டையை அவிழ்க்க வேண்டும்.

மூட்டை என்றால் சாதாரண மூட்டை இல்லை. திருப்பூரில் பிள்ளைக்குக் காசு கொடுத்துத் துணி வாங்கினவர் யாராவது உண்டா? பிள்ளை பிறந்த சேதி போனதும் சித்தப்பா கம்பெனியிலிருந்து ஒரு கட்டு, மச்சான் கம்பெனியிலிருந்து ஒரு கட்டு, காதர்பேட்டையில் கடை வைத்திருக்கும் சிநேகிதனிடமிருந்து ஒரு கட்டு. அத்தனையும் ரிஜெக்ட் பீஸ். ஒன்றில் இடது கை அரை இஞ்ச் நீளம். ஒன்றில் முன்பக்கம் ஒரு ஷேடு, முதுகு இன்னொரு ஷேடு. ஒன்றில் யானையின் தும்பிக்கை பிரிண்டில் விழாமல் போய், அது பன்றியாகத் திரிகிறது. லேபிளில் 92 என்று இருந்தால் விலை என்று நினைக்காதீர்கள். 92 சென்டிமீட்டர் உயரமுள்ள வெள்ளைக்காரப் பிள்ளைக்கு என்று அர்த்தம். எங்கள் பிள்ளை அந்த உயரத்தைத் தொடுவதற்குள் வாந்தியிலும் மண்ணிலும் லேபிளே அழிந்துவிடும்.

இன்னொரு கொடுமை, ஐரோப்பாவின் குளிருக்கு நாம் கோடையில் தைக்கிறோம். அதனால் கையில் கிடைப்பதெல்லாம் உள்பக்கம் புசுபுசுவென்று பிரஷ் பண்ணின ஃபிளீஸ் துணி. நெஞ்சில் பனிமனிதன், முதுகில் கொம்பு மான். டோல்கேட் வெயிலில், கார் ஏசியும் மூச்சுவாங்கும் நேரத்தில், மூட்டைக்குள் கைவிட்டால் கொம்பு மான்தான் வந்தது. பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை வாந்தி எடுத்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

இதில் மாமியார் வேறு. செக்கிங் டேபிளிலேயே ஆயுளைக் கழித்தவர். மாற்றுத் துணி கேட்டால் உடனே கொடுக்கமாட்டார். உள்புறத்தைத் திருப்பி, ஓவர்லாக் தையலை இழுத்துப் பார்த்து, "இதுல நீடில் ஓட்டை இருக்குதுங் மாப்ள, வேண்டாம்" என்று கீழே வைப்பார். பிள்ளை அம்மணமாக நிற்கும். பின்னால் நிற்கும் லாரிக்காரர் ஹார்ன் அடிப்பார். "ஏனுங் இப்படிப் பறக்கறாரு?" என்பார் மாமியார்.

ஒருவழியாகக் கடற்கரை சேர்ந்தோம். மாமியார் கடலைப் பார்த்தாரா என்று எனக்குச் சந்தேகம். முன்னால் போன பையனின் டீ ஷர்ட்டைக் காட்டி, "ரெண்டு துவைப்புல சைடு தையல் முன்னால முறுக்கிக்கிட்டு வந்துரும் பாருங்க" என்றார். அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு குடும்பம். அவர்கள் குழந்தை உடம்பில் எங்கள் பிள்ளை போட்டிருந்த அதே பூப்போட்ட ஃபிராக். அந்தம்மா சிரித்துக்கொண்டே, "நாங்க எண்ணூறு ரூபாய்க்கு வாங்கினோம். நீங்க?" என்று கேட்டார்.

எண்ணூறு! அதை அயர்ன் பண்ணி மடித்துக் கொடுக்க எனக்குப் பீஸுக்கு என்ன தருகிறார்கள் என்று இங்கே எழுதினால், என்னைத் தொழிலதிபர் என்று நம்பிக்கொண்டிருக்கும் சொந்தக்காரர்கள் நாளையிலிருந்து கல்யாணப் பத்திரிகை வைக்கமாட்டார்கள்.

மாமியார் பதிலே பேசவில்லை. குனிந்து அந்தக் குழந்தையின் ஃபிராக் ஓரத்தை மடக்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். அந்தம்மா குழந்தையை மெல்ல இழுக்க, இவர் விடவில்லை.

"இதுலயும் ஹெம் விட்டுப்போயிருக்குதுங் கண்ணு. எவனோ பாஸ் பண்ணிட்டான். பில்லு வெச்சிருக்கறீங்களா?"