கொடிக்குத் தீர்த்தம்

கண்டிக்கு வருகிறவர்கள் தலதா மாளிகையைக் கும்பிடுவார்கள், குளத்து மீனுக்குப் பொரி போடுவார்கள். மாளிகைக்குப் பக்கத்தில் செங்கல்லில் நிற்கும் புனித பவுல் ஆலயத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அது எதற்கு அங்கே நிற்கிறது என்று கேட்பவர் குறைவு. 1840களில் பிரித்தானியப் பட்டாளத்துக்காக எழுந்த கோயில் அது. ஊரைப் பிடித்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை முழந்தாளிட ஓரிடம் வேண்டுமல்லவா? அதுவும் பிடிபட்டவனின் சாமி வாசலிலேயே கிடைத்தால் இரட்டைப் புண்ணியம்.

கோயில் கட்டுவதற்கு முன் துரைமார் கூடித் தொழுத இடம் அதைவிடப் பொருத்தமானது. அது கண்டி அரசனின் கொலுமண்டபமான மகுல் மடுவ. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் அரங்கேறிய மண்டபமும் அதுதான். பௌத்த மதத்துக்கு ஒரு குறையும் வராது என்று அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாம் சரத்து சத்தியம் செய்தது. சத்தியத்தின் மை நன்றாகக் காய்வதற்குள் அதே கூரையின் கீழ் விக்டோரியாவின் மூதாதையருக்காக மன்றாட்டுத் தொடங்கிவிட்டது.

1848இல் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி என்று போட, மாத்தளைப் பக்கம் சனங்கள் கிளம்பினார்கள். ஆளுநர் டொரிங்டன் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்புவைக் கண்டியில் சுட்டார்கள். குடாபொல தேரரைக் காவியோடேயே நிறுத்திச் சுட்டார்கள். சுட்ட பட்டாளம் அடுத்த ஞாயிறு எந்தப் பிரசங்கத்தைக் கேட்டிருக்கும்? உரோமர் 13ஆம் அதிகாரம் இருக்கவே இருக்கிறது. ஆளுகிறவனுக்கு அடங்கி நடக்கச் சொல்லும் அந்த அதிகாரம் எல்லா நாட்டுப் பிரசங்கியாருக்கும் மனப்பாடம். பகைவனை நேசிக்கச் சொல்லும் மத்தேயு 5 மட்டும் போர்க்காலத்தில் ஞாபகத்துக்கு வராது.

வெள்ளைக்காரன் போய்விட்டான். தீர்த்தச் செம்பை விட்டுவிட்டுப் போனான். இன்றும் ஒக்டோபர் 10இல் வரும் இராணுவ ஆண்டு விழாவையொட்டி, படையணிக் கொடிகள் ஆசி வாங்க ஊர்வலம் போகின்றன. விகாரைக்குப் போகும், கோவிலுக்குப் போகும், பள்ளிவாசலுக்குப் போகும், கிறிஸ்தவ ஆலயத்துக்கும் வரும். சீருடைக்காரர் கொடிகளை வரிசையாகப் பீடத்தின் முன் கொண்டுவந்து நிறுத்த, குருவானவர் அவற்றின் மேல் செபம் சொல்வார். 1972 முதல் அரசியலமைப்பில் முதலிடம் ஒரு மதத்துக்குத்தான். மற்றவர்கள் காணிக்கும் வேலைக்கும் மொழிக்கும் சமத்துவம் கேட்டால் ஆணைக்குழு வைப்பார்கள். படைக்கொடியின் முன்னால் மட்டும் நான்கு மதத்துக்கும் பூரண சமத்துவம்! இதைவிட மதநல்லிணக்கம் வேறு எந்த நாட்டில் உண்டு?

1995 ஜூலை 9, நவாலி. படை முன்னேறுகிறது, வணக்கத்தலங்களில் போய் இருங்கள் என்று சனத்துக்குச் சொல்லப்பட்டது. சனம் சென்பீற்றர்ஸ் தேவாலயத்தில் போய் இருந்தது. விமானம் வந்தது, குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1999 நவம்பர் 20, மடு. மாதாவின் வளவில் அடைக்கலம் புகுந்தவர்கள் மேல் ஷெல் விழுந்தது. நாற்பது பேரளவில் போனார்கள். செத்தவர்களில் பலரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், அதே செபமாலையை உருட்டியவர்கள். தமிழில் உருட்டியதுதான் அவர்கள் செய்த பிழை.

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் தேசிய குருமடம் இருக்கிறது. பாப்பரசர் 13ஆம் லியோ 1893இல் தொடக்கிவைத்த இடம். சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து வேதசாஸ்திரம் படித்த இடம். இன்றைய கர்தினால் மல்கம் ரஞ்சித்தும் அங்கே படித்தவர்தான். போர் முடிந்து, 2012இல் ஜெனீவாவில் இலங்கை பற்றிய தீர்மானம் வந்தபோது, வெளியார் தலையிடக்கூடாது என்ற பக்கத்தில் அவர் நின்றார். அதே நேரம் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, இறுதிப் போரில் கணக்கில் வராமல்போன 1,46,679 பேர் எங்கே என்று கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். கணக்குக் கேட்ட ஆயரிடம் புலனாய்வுப் பொலிசார் விசாரணைக்குப் போனார்கள்.

2019 ஏப்ரல் 21 வந்தது. உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சியோன் ஆலயத்திலும் குண்டு வெடித்தது. உள்நாட்டு விசாரணையில் நம்பிக்கை போயிற்று. 2022 மார்ச்சில் அதே கர்தினால் அதே ஜெனீவாவுக்குப் போய், மனித உரிமைப் பேரவையில் பக்கச்சார்பற்ற விசாரணை கேட்டார். கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். செத்தவர்களின் குடும்பங்களுக்கு அந்த நீதி கிடைத்தே ஆகவேண்டும். ஆனால் பத்து வருடத்துக்கு முன் ஏகாதிபத்திய நகரமாக இருந்த ஜெனீவா, எந்தத் தண்ணீரில் குளித்துப் பரிசுத்தமானது? நவாலியின் இரத்தம் வத்திக்கானுக்கு எட்டாத இரத்தமா?

கொழும்பை மட்டும் திட்டுவது அநியாயம். இது உலகத் திருச்சபையின் பரம்பரைத் தொழில். மொஸ்கோவுக்கு வெளியே குபிங்காவில் இராணுவத்துக்கென்றே 2020இல் ஒரு பேராலயம் திறந்தார்கள். அதன் படிகளில், நாசிகளிடம் பறித்த ஆயுதங்களை உருக்கி வார்த்திருக்கிறார்கள். 2022 செப்டெம்பரில் ரஷ்ய ஓர்த்தடொக்ஸ் திருச்சபைக் குலபதி கிரில், கடமையில் சாகும் சிப்பாயின் பாவமெல்லாம் கழுவப்படும் என்று பிரசங்கம் வைத்தார். ஒப்புரவுத் தொட்டிக்குப் போகவேண்டாம், உக்ரேனுக்குப் போனால் போதும்! தென்னாபிரிக்காவின் டச்சுச் சபை 1857இலேயே, சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி வழிபாட்டுக்கு வழிவிட்டது. அந்தப் பலவீனம் வளர்ந்து வளர்ந்து ஒரு நாட்டின் சட்டமானது. நியூயோர்க் கர்தினால் ஸ்பெல்மன் 1966 கிறிஸ்மஸுக்கு வியட்நாம் போய், அமெரிக்கப் படை நாகரிகத்துக்காகப் போராடுகிறது என்றார்.

நம்முடைய பீடங்களும் சுத்தமில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் உடுத்த உடையோடு விரட்டியபோது, எத்தனை தமிழ்ப் பங்குகளில் அதைக் கண்டித்துப் பிரசங்கம் நடந்தது? பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போருக்குப் பிடித்துக்கொண்டு போனபோது, ஏரோதுவின் கதையை எத்தனை சுவாமிமார் துணிந்து எடுத்தார்கள்? துப்பாக்கி சிங்களத்தில் பேசினால் பாவம், தமிழில் பேசினால் விடுதலை என்று மறைக்கல்வியில் எங்கே எழுதியிருக்கிறது?

செம்பைத் தூக்காதவர்களும் இதே நாட்டில் இருந்தார்கள். கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார 1972இல் அந்தப் பெரிய கதிரையை விட்டு, புதிதாக உண்டான பதுளை மறைமாவட்டத்துக்குப் போனார். அதே ஆண்டில் இயேசுசபைக் குரு போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதயவைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளியின் உரிமைக்காக ஆயுள் முழுக்க நின்றார். இருவரும் சிங்களச் சூழலில் வாழ்ந்து, அந்தச் சூழலுக்குப் பிடிக்காததைச் சொன்னவர்கள். குருநாகல் ஆங்கிலிக்கன் ஆயர் லக்‌ஷ்மன் விக்கிரமசிங்க 1983 கறுப்பு ஜூலைக்குப் பின், சிங்களவராகிய நாம் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று மேய்ப்புமடல் எழுதினார். அந்த ஒக்டோபரிலேயே காலமானார். புத்தளையில் ஏழை விவசாயிகளோடு குடிசையில் வாழ்ந்த மைக்கல் றொட்ரிகோ அடிகளை 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலியின்போதே சுட்டுக் கொன்றார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்கு நாங்கள் என்ன செய்கிறோம்? நினைவுச் சொற்பொழிவு வைக்கிறோம், மலர் வெளியிடுகிறோம், தேத்தண்ணியும் பற்றீசும் கொடுக்கிறோம். அவர்கள் சொன்னதைச் செய்வதோடு ஒப்பிட்டால் இது மலிவு.

வணக்கத்துக்குரிய ஆண்டகைமாரே, வருகிற ஒக்டோபரிலும் கொடிகள் உங்கள் வாசலுக்கு வரும். வேண்டாம் என்று ஒரு தடவை திருப்பி அனுப்புங்கள். உயிர்த்த ஞாயிறுக்கு நீதி கேட்கும் அதே மேடையில் நவாலிக்கும் மடுவுக்கும் சேர்த்துக் கேளுங்கள், அதைச் சிங்களத்தில் கேளுங்கள். தமிழ் ஆயர்மார் வடக்கு முஸ்லிம்களுக்காகத் தமிழில் கேட்கட்டும். அதற்குத் துணிவில்லையென்றால், செம்பையும் தெளிகோலையும் இராணுவத் தலைமையகத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள். தீர்த்தத்தை அவர்களே தெளித்துக்கொள்வார்கள். அந்த வேலைக்குக் குருப்பட்டம் தேவையில்லை.