மேலிடத்தின் கற்றல் நிலை: அரும்பு

அனுப்புநர்:
நான்கு, ஐந்தாம் வகுப்பு ஆசிரியை,
ஈராசிரியர் பள்ளி,
காலையில் ஒரு பேருந்தும் மாலையில் ஒரு பேருந்தும் வரும் ஊர்.

பெறுநர்:
உயர்திரு மேலிடம் அவர்கள்,
மாடி.

ஐயா / அம்மையீர்,

பொருள்: தொடக்கக் கல்வி – 4, 5 வகுப்புகள் – நடைமுறைக்கு உகந்த கற்பித்தல் யோசனைகள் – கீழிருந்து மேலாக அனுப்புதல் – சார்பு.

பார்வை:
1. தங்கள் சுற்றறிக்கை.
2. மேற்படி சுற்றறிக்கைக்கான திருத்தம்.
3. திருத்தத்தை இப்போதைக்குப் பின்பற்ற வேண்டாம் என்று இரவு 9.40-க்கு வாட்ஸ்ஆப் குழுவில் வந்த குரல் பதிவு.

பார்வையில் காணும் மூன்றையும் ஒரே நேரத்தில் நிறைவேற்றிவிட்டேன் என்பதை முதற்கண் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

யோசனைகள் வழக்கமாக மாநிலத்திலிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து வட்டார வள மையத்துக்கும், அங்கிருந்து குறுவள மையத்துக்கும் இறங்கி, கடைசியில் என் மேசைக்கு வந்து சேரும். படிக்குப் படி கொஞ்சம் சிந்தும். மேலே ஐந்து நாள் பயிற்சியாகப் புறப்பட்டது, என்னிடம் வரும்போது ஒரு மதியப் பொழுதும் ஒரு பிடிஎஃப்புமாக மெலிந்திருக்கும். ஒரு மாறுதலுக்கு இந்த முறை நான் கீழிருந்து ஏற்றிப் பார்க்கிறேன்.

தாங்கள் அனுப்பிய யோசனைகள் மட்டமானவை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் விளக்கம் கேட்டு மெமோ வரும் என்பதற்காக அல்ல. அவை மெய்யாகவே நல்லவை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ரிஷிவேலியிலிருந்து வந்த முறை. ஏணி, அட்டை, பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, நாற்காலியை விட்டுத் தரைக்கு இறங்கிய ஆசிரியர். 2007-08க்குள் மாநிலம் முழுவதும் பரவியது. 2012-13-ல் முப்பருவ முறை வந்து புத்தகப் பையின் பாரத்தைக் குறைத்தது. 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. மறு ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும் நீண்டது. எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைவிட எதுவரை தெரிந்திருக்கிறது என்று பார்த்துப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஒவ்வொரு திட்டமும் கிளம்பும்போது குழந்தையைப் பார்த்துக்கொண்டுதான் கிளம்புகிறது. வந்து சேர்ந்த ஓராண்டுக்குள் பதிவேட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. என் வகுப்பில் "எல்லாரும் வட்டமா உக்காருங்க" என்றால் ஒரு பெண் எழுந்து கேட்பாள்: "பாடத்துக்கா டீச்சர், போட்டோவுக்கா?" போட்டோவுக்கு என்றால் சிரித்தபடி உட்கார வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். கற்றல் விளைவுகள் பட்டியலில் இல்லாமலேயே அவர்கள் அடைந்துவிட்ட கற்றல் விளைவு இது.

ஆகவே, தங்கள் முறையிலேயே தங்களுக்குக் கற்பிப்பது என முடிவு செய்தேன். முறைப்படி முதலில் அடிப்படை மதிப்பீடு நடத்தினேன். தாங்கள் இதுவரை அனுப்பிய கடிதங்களையே விடைத்தாளாக வைத்துக்கொண்டேன்.

வினா 1 (கணக்கு). கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகள் ஐந்து. ஓர் ஆசிரியர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் எத்தனை வகுப்புகளைப் பார்ப்பார்? தங்கள் விடை: "கற்பித்தல் பணி பாதிக்காத வண்ணம் மாற்று ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்." எண்ணைக் கேட்டால் வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். மதிப்பெண் இல்லை.

வினா 2 (கழித்தல்). அதே அட்டவணையில் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல். அதாவது நாளுக்கு 4 மணி நேரம். இதிலிருந்து செயலியில் வருகைப் பதிவு, காலை உணவு எண்ணிக்கை, சத்துணவு எண்ணிக்கை, நேற்று அனுப்பிய விவரத்தையே வேறு படிவத்தில் மறுபடி அனுப்புவது ஆகியவற்றைக் கழித்தால் மீதி என்ன? தங்கள் விடை: "இப்பணிகளைக் கற்பித்தல் நேரத்துக்கு வெளியே மேற்கொள்ள வேண்டும், காலை 10 மணிக்குள் முடித்திருக்க வேண்டும்." கடிகாரம் பார்க்கும் திறன் வலுப்படுத்தப்பட வேண்டும்.

வினா 3 (பத்தியைப் படித்து விடையளி). அச்சட்டத்தின் 27-ம் பிரிவு, பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றையும் தவிரக் கல்வி சாராத வேறு எந்தப் பணிக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. இப்பத்தியிலிருந்து நீ அறிந்துகொள்வது யாது? தங்கள் விடை: "ஆசிரியரை வெளியே அனுப்பத் தேவையில்லை, வேலையை வகுப்பறைக்கே அனுப்பிவிடலாம்." சொந்த நடையில் எழுதியதற்காக ஒரு மதிப்பெண்.

முடிவு: மேலிடம், அரும்பு நிலை. இதற்காகத் தாங்கள் மனம் உடைய வேண்டியதில்லை. எந்தக் குழந்தையையும் மட்டம் தட்டக் கூடாது என்று தாங்களே எங்களுக்குப் பயிற்சி அளித்திருக்கிறீர்கள். தங்கள் நிலைக்கு ஏற்ற பாடங்கள் கீழே.

பாடம் 1: தப்பான விடையைப் படித்தல்

என் நான்காம் வகுப்பில் ஒரு பையன். 402-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னால் 376 என்று எழுதுவான். ஒரு தரம் அல்ல, எப்போதும் இப்படித்தான். செயலியில் அவன் பெயருக்கு நேரே "அடையவில்லை" என்று தட்டினால் என் கடமை முடிந்தது. ஆனால் அந்த 376-ஐக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். 4-ல் 1 போனால் 3. அடுத்து 0-வும் 7-ம், 7. அடுத்து 2-ம் 8-ம், 6. "பெரிசுலேர்ந்து தானே டீச்சர் சின்னதக் கழிக்கணும்?" என்றான். இரண்டாம் வகுப்பில் யாரோ சொல்லிக்கொடுத்த விதியை அவன் மேலும் கீழும் பார்க்காமல் நேர்மையாகக் காப்பாற்றி வருகிறான். கழித்தல் தெரியாதவன் அல்ல அவன்.

இத்தனைக்கும் அவன் அம்மா பெட்டிக்கடை வைத்திருக்கிறார். சாயந்திரம் கல்லாவில் உட்கார்ந்து மீதிச் சில்லறை கொடுப்பவன் இவன்தான். எனவே பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி நூறு, பத்து, ஒன்று என்று எழுதி நோட்டு ஆக்கினோம். நாலு நூறும் ரெண்டு ஒன்றும் அவன் கையில். "எனக்கு 178 ரூபாய் குடு."

"சில்லறை இல்ல டீச்சர்."

"எங்க மாத்துவ?"

பக்கத்துப் பிள்ளைதான் வங்கி. ஒரு நூறு போய்ப் பத்துப் பத்தாக வந்தது. அதில் ஒரு பத்து போய் ஒன்றுகளாக வந்தது. இப்போது அவனிடம் மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. 178-ஐ எண்ணிக் கொடுத்துவிட்டு மீதியைப் பார்த்தான். 224. பிறகு கணக்கு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தான் செய்த அதே மாற்றலை எண்களுக்கு மேலே சின்னதாக எழுதினான். "கடன் வாங்கு" என்று நாம் ஆண்டுக்கணக்கில் கத்துவது இந்தச் சில்லறை மாற்றலைத்தான் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இது என் ஊர்க் கதை மட்டும் அல்ல. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் வியாபாரக் கணக்கை மனசுக்குள் சரியாகப் போட்டுவிட்டு, அதே கணக்கைப் பள்ளிக்கூட வடிவில் தாளில் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறுகிறார்கள் என்று அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் 2025-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். இருவரும் நோபல் பரிசு பெற்றவர்கள் என்பதால் தாங்கள் நம்பலாம்.

தங்களுக்கான பயிற்சி: செயலியில் "அடைந்தார்", "அடையவில்லை" என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. "ஏன்" என்று மூன்றாவதாக ஒரு கட்டம் வரைக. அதைக் கட்டாயமாக்க வேண்டாம்.

பாடம் 2: காத்திருத்தல்

கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் அமெரிக்காவின் மேரி பட் ரோ கண்டறிந்தார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் பிள்ளைகளின் விடைகள் நீளுகின்றன. வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். செலவில்லாத யோசனை இதைவிட வேறு கிடையாது.

என் வகுப்பில் கை தூக்குவதை நிறுத்திவிட்டேன். கை தூக்குகிற நாலு பேர் ஆண்டு முழுக்க அதே நாலு பேர்தான். கேள்வி கேட்பேன், எல்லாரும் சிலேட்டில் எழுதி மார்போடு கவிழ்த்து வைத்துக்கொள்ள வேண்டும். "தூக்கு!" என்றதும் மொத்த வகுப்பும் ஒரே நேரத்தில் காட்டும். கால்வாசி பெரிசா, மூன்றில் ஒன்று பெரிசா என்றால் பாதிச் சிலேட்டுகளில் கால்வாசி இருக்கும். மூன்றைவிட நான்கு பெரிசு அல்லவா. அந்த நொடியே இன்றைய பாடத்திட்டத்தை மடித்து வைத்துவிட்டுக் காகிதத்தை மடிக்க உட்காருவோம். வளரறி மதிப்பீடு என்று தாங்கள் சொல்வது இதுதான் என நினைக்கிறேன். இதைப் பதிவேற்றம் செய்ய முடியாது, துடைத்துவிடுவோம்.

தங்களுக்கான பயிற்சி: ஒரு திட்டம் தந்த பிறகு அடுத்த திட்டத்துக்கு முன் காத்திருக்கவும். மூன்று விநாடி போதாது. மூன்று ஆண்டு.

பாடம் 3: பிறர் செய்யும்படி எழுதுதல்

நான்கு, ஐந்தாம் வகுப்பில் கட்டுரை என்றால் பசு. பசுவுக்கு நான்கு கால்கள் என்பதை நோட்ஸ் பார்த்து எழுதுவதால் பசுவுக்கும் லாபம் இல்லை, பிள்ளைக்கும் இல்லை. அதற்குப் பதில் பல்லாங்குழி ஆட முன்பின் தெரியாத ஒருவருக்கு ஆட்டத்தை எழுதித்தரச் சொன்னேன். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. இன்னொருவர் தாளைப் படித்து அதில் உள்ளபடி மட்டும் செய்வார்.

ஒருவன் எழுதியிருந்தான்: "குழியில் அஞ்சு கொட்டை போடணும்." படித்த பெண் ஒரே ஒரு குழியில் அஞ்சு புளியங்கொட்டையைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். இவன் துடிக்கிறான். "எல்லாக் குழியிலயும்டி!" "நீ எழுதல." பத்து நிமிஷச் சண்டைக்குப் பின் வாக்கியம் இப்படி ஆனது: "பதினாலு குழியிலும், ஒவ்வொரு குழிக்கும் அஞ்சு கொட்டை போட வேண்டும்." நான் சிவப்பு மையில் திருத்தியிருந்தால் திரும்பியும் பார்த்திருக்க மாட்டான்.

தங்களுக்கான பயிற்சி: அடுத்த சுற்றறிக்கையைக் கையெழுத்துக்கு வைக்கும் முன் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்து, அதில் உள்ளபடி மட்டும் செய்யச் சொல்க. தாங்கள் வாய் திறக்கக் கூடாது.

பாடம் 4: மானத்தோடு படிக்க வைத்தல்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புப் பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பார்ப்பது 2005 முதல் நடக்கும் ஏசர் ஆய்வின் வழக்கம். முடிவு வெளிவரும் வாரத்தில் தொலைக்காட்சியில் விவாதம். அடுத்த வாரத்தில் எங்களுக்குப் படிவம். ஆனால் வாசிக்கத் திணறும் பதினொரு வயதுப் பிள்ளை, கூட்டாளிகள் எதிரில் சின்ன வகுப்புப் புத்தகத்தை எப்படிக் கையில் எடுக்கும்? கூச்சத்தில் செத்துப்போகும்.

ஈராசிரியர் பள்ளியில் இதற்கு வழி இருக்கிறது. ஒன்றாம் வகுப்புக் குட்டிகளுக்குக் கதை வாசித்துக் காட்டும் பொறுப்பை அந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிடுவேன். நாளைக்கு வாசிக்க வேண்டிய கதையை இன்று ஓரமாக உட்கார்ந்து, உதடு அசைய, பத்துத் தரம் படித்துப் பார்க்கும். குட்டிகளுக்கு அது "அண்ணன்", "அக்கா". சின்னப் புத்தகத்தைத் தொடுவதில் இப்போது வெட்கம் ஏது, அதுதானே உத்தியோகம். மொட்டு என்றும் அரும்பு என்றும் பெயர் எழுதிய அட்டையைச் சுவரில் ஒட்டாமலேயே காரியம் நடந்துவிடும்.

தங்களுக்கான பயிற்சி: ஆண்டுக்கு ஒரு வாரம் ஏதேனும் ஒரு பள்ளிக்கு வந்து ஒன்றாம் வகுப்புக்குக் கதை வாசிக்கவும். முன்னறிவிப்பு வேண்டாம், நாங்கள் கோலம் போட்டுவிடுவோம்.

இந்த நான்கு பாடங்களுக்கும் சேர்த்து ஆகும் செலவு பழைய பத்திரிகை அட்டை, சிலேட்டு, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. ஆனால் இவை நான்குக்கும் வேண்டிய ஒரு பொருள் எந்தக் கற்றல் கற்பித்தல் துணைக்கருவிப் (டி.எல்.எம்.) பெட்டியிலும் வரவில்லை. அந்தப் பையனின் 376-ஐ உற்றுப் பார்க்க எனக்கு ஐந்து நிமிடம் தேவைப்பட்டது. அந்த ஐந்து நிமிடமும் கைப்பேசி கையில் இல்லாத, பக்கத்து வகுப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிராத ஐந்து நிமிடமாக இருந்தாக வேண்டும். யோசனைக்கு எங்களிடம் பஞ்சம் இல்லை. ஆளுக்கும் நேரத்துக்கும்தான் பஞ்சம். பயிற்சி நாட்களில் குறுவள மையத்துக்கு ஒருவராக மாற்று ஆசிரியர் தாருங்கள். காலையில் முதல் பாடவேளை முடியும்வரை எந்த விவரமும் கேட்காதீர்கள். மீதியை நாங்களே ஒப்பேற்றிக்கொள்வோம்.

எனவே, மேற்கண்ட பாடங்களைத் தாங்கள் குழுவாக, வட்டமாக, சிரித்தபடி அமர்ந்து கற்றதற்கான புகைப்படத்தைத் தேதியும் இடமும் தெரியும்படி எடுத்து, இணைப்பிலுள்ள படிவத்துடன் இன்று மாலை 4 மணிக்குள் தவறாது பதிவேற்றம் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். சர்வர் வேலை செய்யவில்லை என்பது காரணமாக ஏற்கப்பட மாட்டாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வகுப்பாசிரியை.

இணைப்பு: படிவம் (எக்செல்). ஏற்கெனவே அனுப்பியிருந்தாலும் மீண்டும் அனுப்பவும்.