எக்ஸு என்ன கடன் கேட்டா வந்திருக்கு?

ஏலே பேராண்டி, கணக்குப் புத்தகத்தை அப்படி முறைச்சா அது பயந்துபோய் விடையைச் சொல்லிருமா? எக்ஸைக் கண்டதும் ஏம்லே இப்படி வேர்க்குது? அது என்ன கடன் கேட்டா வந்திருக்கு? நமக்குத் தெரியாத எண்ணுக்கு ஒரு பேரு, அவ்வளவுதான்.

உன் நோட்டைப் பார்த்தேன். அப்பன் வயசு மகன் வயசைப்போல மூணு மடங்கு. பத்து வருசம் கழிச்சு ரெண்டு மடங்கு. மகனுக்கு எக்ஸ், அப்பனுக்கு 3எக்ஸ்னு போட்டிருக்கே. பலே! அடுத்த வரியில 3எக்ஸ் = 2(எக்ஸ் + 10). ஏம்லே, மகனுக்குப் பத்து வயசு ஏறுறவரைக்கும் அப்பன் மார்க்கண்டேயனா உக்காந்திருந்தானா? உன் விடைப்படி மகன் 20, அப்பன் 60. பத்து வருசம் போனா 30, 70. எங்கலே ரெண்டு மடங்கு? அப்பனுக்கும் பத்தைக் கூட்டு: 3எக்ஸ் + 10 = 2எக்ஸ் + 20. எக்ஸ் 10. மகன் 10, அப்பன் 30. அப்புறம் 20, 40. வந்த விடையைக் கதைக்குள்ளயே திரும்ப விட்டுப் பார்க்கணும். பொய்யா இருந்தா அங்கேயே மாட்டிக்கும்.

இன்னொண்ணு. 'ஆடு ஒண்ணுக்குக் கோழி ஆறு'ன்னா, வாக்கியம் போற போக்குலயே ஆ = 6கோ-ன்னு எழுதிட்டே. அப்போ 12 கோழிக்கு 72 ஆடு! அத்தனை ஆடு இருந்தா நான் ஏம்லே உனக்குக் கணக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன், கறிக்கடை வச்சிருக்க மாட்டேனா? எது அதிகமோ அதைத் தனியா நிறுத்து, குறைஞ்சதைப் பெருக்கு: கோ = 6ஆ.

நம்ம காரிநாயனாரு, கணக்கதிகாரங்கிற பழைய கணக்குப் புத்தகத்துல, பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண வழி சொல்லியிருக்காரு. காம்பைச் சுத்தியிருக்க முள்ளை எண்ணி, ஆறால பெருக்கி, அஞ்சால வகுக்கணும். முள் 100னா சுளை 120. பலா அதுக்குச் சம்மதிக்குமாங்கிறது வேற விசயம். சுளைக்கும் முள்ளுக்கும் அவர் போட்டது உன் புத்தகத்துல இருக்க மாதிரிச் சமன்பாடுதான்.

சரி, சீனாக்காரன் ஆயிரத்தைந்நூறு வருசத்துக்கு முந்தியே கேட்ட கணக்கு ஒண்ணு: கோழியும் முயலும் ஒரே கூண்டுல. தலை 35, கால் 94. முயல் எத்தனை? 12 வரலைன்னா என்கிட்ட ஓடி வராதே, கேள்வியை இன்னொருக்கா படிலே.