பிள்ளையின் காதில் ஊர்ப்பெயர்

கேள்வி: ஆயிரம் வருஷத்துக்கு முந்திய கிராமங்கள் எங்கெங்கே இருந்தன என்று கணினி வரைபடம் சொல்லுமா? எங்கள் ஊருக்கு அதில் இடமுண்டா?
(ஒரு வாசகர், நெட்டுக்குப்பம்)

பதில்: சொல்லும், ஆனால் பிள்ளைக்குப் பெயர் சூட்டுவதுபோல முதலில் நாம்தான் அதன் காதில் ஊர்ப்பெயர்களை ஓத வேண்டும். நிலதானம் செய்தவர்கள், கிழக்கே இன்ன வாய்க்கால், தெற்கே இன்ன ஊர் என்று நான்கெல்லையும் கல்லில் வெட்டிவைத்த சோழர் சாசனங்களைத் துணைக்கொண்டு, பேராசிரியர் எ. சுப்பராயலு கணினியின் சகாயமின்றியே சோழமண்டலத்தின் ஊர்த்தொகுதிகளான ‘நாடு’களைப் படமாக்கி 1973-ல் நூலாக்கினார். எல்லையை ஆறு வகுக்குமென்றுதானே நினைப்போம்? பல நாடுகளோ ஆற்றின் இருகரையிலும் பரவியிருந்தன. ஆறு பிரித்த ஊர்களை உழவு சேர்த்திருக்கிறது! பின்னர் அவர் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் தென்னிந்திய சரித்திர வரைபடத் தொகுதியைக் கணினியிலேயே உருவாக்க முற்பட்டார்.

உங்கள் வாசலில் கடல்சேரும் கொசஸ்தலையாற்றின் கதை அந்தச் சோழர் ஊர்களினும் புராதனமானது. 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அதன் படுகையில் கண்ட கற்கால இடமான அத்திரம்பாக்கத்தை 1999 முதல் அகழ்ந்த தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர், சுற்றுப் பிரதேசத்தைச் செயற்கைக்கோள் படங்களாலும் ஆராய்ந்தனர். அங்கே கிடைத்த கைக்கோடரிகளின் வயது ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள்.

ஆனால் சாசனங்களைக்கொண்டு வரைந்த படத்தில் வெறுமையாகத் தெரியும் இடமெல்லாம் ஆளில்லாத இடமென்று கொள்ளலாகாது. கற்கோயில் எழுப்பிய ஊருக்குச் சாசனம் சாட்சி. ஓலைக்குடிசையில் வாழ்ந்து, மணலில் வலையுலர்த்திய குப்பத்துக்குச் சாட்சி ஏது? ஆகையால், முகத்துவாரத்தின் ஒவ்வொரு திட்டுக்கும் ஓடைக்கும் உங்கள் பெரியவர்கள் வழங்கும் பெயரைக் கேட்டு, கைப்பேசி வரைபடத்தில் இன்றே குறித்துவையுங்கள்.