எக்ஸ்-விங் ஓட்ட லைசென்ஸ் இருக்கிறதா?

ஸ்டார் வார்ஸை எதிர்காலக் கதை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அநேகம். படமோ தொடக்கத்திலேயே எழுத்துப் போட்டுச் சொல்லிவிடுகிறது: இதெல்லாம் வெகுகாலத்துக்கு முன்னால், வெகுதூரத்தில் உள்ள ஒரு நட்சத்திர மண்டலத்தில் நடந்து முடிந்த சமாசாரம். ஆக, இது சரித்திரம். சக்கரவர்த்தி உண்டு, இளவரசி உண்டு, கோட்டை உண்டு, அப்பனுக்கும் மகனுக்கும் வாட்போர் உண்டு. சரித்திரம் என்றால் கேள்வி கேட்கலாம். என் முதல் கேள்வி: இந்த வீரர்களுக்கெல்லாம் வண்டி ஓட்ட லைசென்ஸ் கொடுத்தது யார்?

இந்த வழக்கு சூடுபிடித்தது 2015 டிசம்பரில், புதுப் படத்தில் ரே என்ற நாயகி வந்த பிறகு. ஜக்கூ பாலைவனத்தில் உடைந்த கப்பல்களில் இரும்பு பொறுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண், ஒரே படத்தில் விண்கலம் ஓட்டினாள், அதைப் பழுது பார்த்தாள், காவலாளியின் மனத்தை வசியம் செய்தாள், கடைசியில் ஒளிவாள் எடுத்து வில்லன் கைலோ ரென்னையும் சாய்த்தாள். “இதெல்லாம் நம்புகிற மாதிரியா இருக்கு?” என்று ஒரு கூட்டம் கொதித்தது. கொதித்தவர்கள் சாட்சிக்குக் கூப்பிட்டது 1977-இன் லூக் ஸ்கைவாக்கரை. பையன் படிப்படியாக உழைத்து மேலே வந்தவனாம். அந்தப் பையனின் பணிப்பதிவேட்டைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

டாட்டூயீன் கிரகத்தில் சித்தப்பா ஓவன், சித்தி பெரு வீட்டில் வளர்ந்தவன். குடும்பத் தொழில் விவசாயம். பயிர் என்று தேடாதீர்கள். காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிடித்துத் தண்ணீராக்குவதுதான் அங்கே விவசாயம். வானத்தில் இரண்டு சூரியன் காயும் ஊரில் இந்தத் தொழிலை ஆரம்பித்தவரின் தன்னம்பிக்கையைத் தனியாகப் பாராட்ட வேண்டும். பையனுக்கு இதில் மனம் ஒட்டவில்லை. அகாடமியில் சேர வேண்டும் என்கிறான். இன்னும் ஒரு அறுவடை முடியட்டும் என்கிறார் சித்தப்பா. வாங்கிய ரோபோக்களைத் துடைத்து வை என்று சொன்னால், டோஷி ஸ்டேஷனுக்குப் போய் பவர் கன்வெர்ட்டர் வாங்கி வரலாம் என்று இருந்தேனே என்று சிணுங்குகிறான். நட்சத்திர மண்டலத்தைக் காக்கப் பிறந்தவன் நமக்கு அறிமுகமாகும் லட்சணம் இது.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடக்கிறது. சித்தப்பாவையும் சித்தியையும் சாம்ராஜ்யத்துச் சிப்பாய்கள் எரித்துவிடுகிறார்கள். பையன் வண்டியை விற்றுவிட்டு ஓபி-வான் என்ற பெரியவரோடு கிளம்புகிறான். போகிற வழியில் பெரியவர் கண்ணை மறைக்கும் ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, மிதக்கும் பந்து ஒன்று சுடும் கதிர்களை வாளால் தடுக்கச் சொல்கிறார். நாலைந்து வீச்சு. முதல் படத்தில் அவனுக்குக் கிடைத்த முறையான பயிற்சி முழுவதும் அவ்வளவுதான். வகுப்பு முடிவதற்குள் பெரியவர் செத்தும் போய்விடுகிறார்.

அடுத்த காட்சியில் புரட்சிப்படையின் யாவின் தளம். சந்திரன் பருமனில் சாம்ராஜ்யத்தின் கோட்டையான டெத் ஸ்டார் நெருங்கி வருகிறது. கையிருப்பு முப்பது போர்க்கலங்கள். அதில் எக்ஸ்-விங் என்ற ஒன்றின் சாவியை, முந்தாநாள்வரை சொந்தக் கிரகத்தை விட்டு வெளியே கால் வைக்காத பையனிடம் கொடுக்கிறார்கள். குறி வைக்க வேண்டியது இரண்டு மீட்டர் அகலப் புகைப்போக்கித் துளை. இது கம்ப்யூட்டருக்கே முடியாத காரியம் என்கிறான் வெட்ஜ் என்ற விமானி. நம் பையன் சொல்கிறான்: ஊரில் என் டி-16 கலத்தில் போய் வாம்ப் எலிகளைச் சுடுவேன், அதுவும் இரண்டு மீட்டருக்கு மேல் பெரிதாக இருக்காது. அவையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இரண்டு மீட்டரில் எலியா என்று அலறவும் இல்லை. நேர்முகத் தேர்வு முடிந்தது. வேலை கிடைத்துவிட்டது.

சிபாரிசு ஒன்று இருந்தது உண்மைதான். பையனின் பால்ய நண்பன் பிக்ஸ் அதே படையில் விமானி. எல்லைப்புறக் கிரகங்களில் இவனைப் போல் ஓட்டுகிறவன் கிடையாது என்று தலைவரிடம் அவன் அடித்துச் சொல்லும் காட்சியை எடுத்திருந்தார்கள். ஆனால் 1977-இல் வெட்டிவிட்டார்கள். 1997-இல் வந்த சிறப்புப் பதிப்பில்தான் திரும்பச் சேர்த்தார்கள். ஆள் வேலைக்குச் சேர்ந்து, கோட்டையை வெடித்து, பதக்கமும் வாங்கி 20 ஆண்டு கழித்து சிபாரிசுக் கடிதம் தபாலில் வந்து சேர்ந்தது. அந்த 20 ஆண்டும் உலகத்தில் யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

சண்டையில் என்ன நடந்தது என்பதையும் பதிவு செய்துவிடுவோம். அனுபவசாலியான ரெட் லீடர் குறிபார்க்கும் கருவியை வைத்துச் சுடுகிறார். வெளிச் சுவரில் பட்டு வீணாகிறது. பையனோ செத்துப்போன பெரியவரின் குரல் கேட்டு அந்தக் கருவியை அணைத்துவிட்டுச் சுடுகிறான். நேராக உள்ளே போய் விழுகிறது. எந்த விமானப்படை விசாரணைக் குழுவிடமும் இந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டு வெளியே வர முடியாது.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் காட்சிக்கு நிஜமான முன்கதை ஒன்று உண்டு. ஜார்ஜ் லூகாஸ் தந்திரக் காட்சிகள் தயாராகும்வரை பழைய போர்ப்படங்களின் விமானச் சண்டைத் துண்டுகளைப் படத்தில் ஒட்டிவைத்துத்தான் வேகத்தைத் தீர்மானித்தார். பள்ளத்தாக்குக்குள் தாழப் பறந்து ஒரு சின்ன இலக்கை அடிக்கும் அந்தக் கடைசிப் படையெடுப்பில் 1955-இன் ‘தி டேம் பஸ்டர்ஸ்’ படத்தின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். அந்தப் படத்தில் சிறப்பு ஒளிப்பதிவு செய்த கில்பர்ட் டெய்லர்தான் ஸ்டார் வார்ஸுக்கும் ஒளிப்பதிவாளர்.

‘தி டேம் பஸ்டர்ஸ்’ கதை 1943 மே மாதம் ஜெர்மனியில் உண்மையிலேயே நடந்தது. ரூர் பகுதி அணைகளை உடைக்க பிரிட்டிஷ் விமானப்படை 617-ஆம் ஸ்குவாட்ரனை அனுப்பியது. தலைவர் கை கிப்சனுக்கு வயது 24. பிறவி மேதைகள் என்று சொல்லத் தகுந்த பிள்ளைகள்தான். ஆனாலும் யாரும் அவர்களைச் சும்மா விடவில்லை. மார்ச்சில் படையைத் திரட்டி, மே நடுவில் புறப்படும்வரை ஏரிகள்மேல் இரவும் பகலுமாகத் தாழப் பறக்கவிட்டார்கள். தண்ணீருக்கு மேல் சரியாக 60 அடியில் பறக்க வேண்டும். அதற்காக விமானத்தின் வயிற்றில் இரண்டு விளக்குகளைச் சாய்த்துப் பொருத்தினார்கள். இரண்டு வெளிச்சமும் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டால் உயரம் சரி. குண்டை எப்போது விடுவது? கவட்டை மாதிரி ஒரு மரக்கட்டையில் இரண்டு ஆணி. அணையின் இரு கோபுரங்களும் அந்த ஆணிகளோடு ஒட்டித் தெரியும் நொடியில் விட வேண்டும். அந்த ஆணியை யாரும் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளுணர்வை நம்பவில்லை.

அவ்வளவு செய்தும் மோனே அணையில் கிப்சன் விட்ட முதல் குண்டுக்கு அணை அசையவில்லை. ஐந்தாவது குண்டுக்குப் பிறகுதான் உடைந்தது. போன 19 லங்காஸ்டர் விமானங்களில் 8 திரும்பவில்லை. 53 வீரர்கள் செத்தார்கள். அணைக்குக் கீழே வெள்ளத்தில் போன உயிர்கள் அதைவிடப் பலமடங்கு. அந்தக் கணக்கைப் படங்கள் சொல்வது குறைவு.

இனி லூக்கின் அப்பா அனகின், பின்னாளில் வேடராக மாறுபவன். அவன் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1999-இல் வந்தான். ஒன்பது வயது. அப்பா என்று யாரும் இல்லை. பேசும் ரோபோவைச் சொந்தமாகச் செய்தான், பந்தய வண்டி கட்டி ஜெயித்தான், பிறகு ஒரு போர்க்கலத்துக்குள் ஒளிந்திருக்கப் போய், அது தானியங்கி முறையில் கிளம்பி, எதிரியின் தாய்க்கப்பலுக்குள் அவனைக் கொண்டுபோய் விட, தவறுதலாக அந்தக் கப்பலையே வெடித்துவிட்டான். இந்தத் தடவை தகுதிச் சான்றிதழ் கேட்பார்கள் என்று லூகாஸுக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையே நீட்டினார். மாயசக்தியைக் காட்டும் மிடிகுளோரியன் எண்ணிக்கை 20,000-க்கு மேல், பெரிய குரு யோடாவுக்கே அவ்வளவு கிடையாது என்று. ரசிகர்கள் அந்த ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டார்கள். சான்றிதழ் இல்லையென்றாலும் திட்டு, கொடுத்தாலும் திட்டு.

இனி ரேயின் வழக்கு. அவள்மேல் சாத்தப்பட்ட பட்டம் ‘மேரி சூ’. 1973-இல் பாலா ஸ்மித் என்ற பெண்மணி, ரசிகர்கள் நடத்திய ‘மெனாஜெரி’ என்ற சிற்றிதழில் ஒரு குட்டிக் கேலிக்கதை எழுதினார். ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடரின் ரசிகர்கள் தங்களையே நாயகியாக்கி எழுதிக் குவித்த கதைகளைக் கிண்டல் செய்வது நோக்கம். லெப்டினன்ட் மேரி சூவுக்கு பதினைந்தரை வயது. கேப்டன் கிர்க் காபி எடுத்து வரப் போகையில் கப்பலையே அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். அவள் எல்லாரையும் காப்பாற்றி, நோபல் பரிசும் வாங்கி, கடைசியில் அழகாகச் செத்துப்போகிறாள்; கப்பலே கதறுகிறது; அவள் பிறந்தநாளுக்கு விடுமுறை விடுகிறார்கள். ஸ்டார் ட்ரெக்கைக் கிண்டல் செய்யப் பிறந்த பெயர், 42 ஆண்டு கழித்து ஸ்டார் வார்ஸ் பெண்ணின் தலையில் வந்து விழுந்தது.

பிரதிவாதி தரப்புக்கும் பேச வேண்டும். ரேயின் பிழைப்பே கப்பல்களைக் கழற்றுவது. கழற்றியவளுக்கு மாட்டத் தெரியாதா? மில்லினியம் ஃபால்கன் என்ற கப்பலை முதலில் கிளப்பும்போது தரையில் தேய்த்து, ஊர் நுழைவாயிலை இடித்துத் தள்ளிக்கொண்டுதான் போகிறாள். எந்த டிரைவிங் ஸ்கூலிலும் பாஸ் மார்க் விழாது. கைலோவைச் சாய்த்தது உண்மை. ஆனால் அவன் அதற்கு முன்பே சூபாக்காவின் வில்துப்பாக்கியில் அடி வாங்கி, விலாவில் ரத்தம் கொட்ட நின்றான். சொந்த அப்பனைக் கொன்றுவிட்டு வந்தவன் வேறு. பழைய கப்பல் ஒன்றில் கிடைத்த சிமுலேட்டரில் அவள் பறக்கக் கற்றாள் என்பது கிரெக் ருக்கா எழுதிய புத்தகத்தில் இருக்கிறது. படத்தில் இல்லை. பிக்ஸின் சிபாரிசும் வெளியில்தான் கிடந்தது. ஒருவனுக்குச் செல்லுபடியாகும் கடிதம் இன்னொருத்திக்குச் செல்லாது என்றால் அது நியாயமில்லை.

வாதி தரப்புக்கு ஒரு பாயிண்டைக் கொடுத்தே ஆக வேண்டும். அந்த மனவசியம். அப்படி ஒரு வித்தை இருப்பதே அவளுக்கு எப்படித் தெரியும்? லூக் அதைச் செய்ய மூன்றாவது படம்வரை காத்திருந்தான். இவள் இரண்டு தடவை தடுமாறி மூன்றாவது தடவையில் சாதித்துவிடுகிறாள். வசியத்துக்கு ஆளான சிப்பாயின் முகமூடிக்குள் இருந்தவர் டேனியல் கிரெய்க். ஜேம்ஸ் பாண்டையே விலங்கைக் கழற்ற வைத்த பெண்ணுக்கு அனுபவச் சான்றிதழ் கேட்பதில் தப்பில்லை.

பெண் என்பதால்தான் இத்தனை பேச்சா? பெரும்பகுதி அதுதான் என்பது என் கட்சி. ரேயின் முதல் படத்தை இயக்கிய அதே ஜே. ஜே. ஆப்ரம்ஸ் 2009-இல் எடுத்த ஸ்டார் ட்ரெக்கில், தேர்வில் தில்லுமுல்லு செய்து விசாரணையில் இருந்த மாணவன் கிர்க், படம் முடிவதற்குள் எண்டர்பிரைஸ் கப்பலின் கேப்டன். அவனை மேரி சூ என்று கூப்பிட்டு யாரும் இப்படிக் கொடி பிடிக்கவில்லை. ஆனால் முழுக்க அது மட்டும் அல்ல. 1987-இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொடரில் வெஸ்லி கிரஷர் என்ற பொடியன் பெரியவர்கள் விழிக்கும்போதெல்லாம் கப்பலைக் காப்பாற்றினான். ரசிகர்கள் அவனை வறுத்தெடுத்தார்கள். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் நடுப்பெயர் வெஸ்லி என்பது அந்த வறுவலுக்கு மசாலா.

லூக் தப்பித்ததற்குக் காரணம் 1977 அல்ல, 1980. இரண்டாவது படத்தில் யோடாவிடம் பாடம் கேட்கிறான், சேற்றில் மூழ்கிய கலத்தைத் தூக்க முடியாமல் முழிக்கிறான், பாதியில் ஓடிப்போய் வேடரிடம் வலது கையைப் பறிகொடுக்கிறான். அந்தக் கை போனதும்தான் முதல் படத்தின் அதிர்ஷ்டக் குண்டுக்கும் சேர்த்துக் கடன் தீர்ந்தது. 1983-இல் அவன் திரும்பிப் போய் நின்றபோது, இனிப் பயிற்சி வேண்டாம் என்று யோடா சொல்லிவிட்டார். பாதியில் ஓடிய மாணவனுக்கு நேரே பட்டம். அப்போதும் யாரும் முணுமுணுக்கவில்லை, கைதான் போயிற்றே. ரேவுக்கு அப்படி ஒரு தோல்விப் படத்தை எழுதிக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. 2017-இல் அவள் பெற்றோர் யாரோ எவரோ என்றார்கள். 2019-இல் மாற்றி, சக்கரவர்த்தி பால்பட்டீனின் பேத்தி என்றார்கள். பயிற்சிச் சான்றிதழ் கேட்ட இடத்தில் வாரிசுச் சான்றிதழை நீட்டினால் எப்படி?

இத்தனை சரித்திரத்திலும் நம்பத்தகுந்த திறமைசாலி யார் என்று என்னைக் கேட்டால், வெட்ஜ் ஆண்டிலீஸைத்தான் சொல்வேன். ஆமாம், கம்ப்யூட்டருக்கே முடியாது என்று யதார்த்தம் பேசிய அதே ஆள். ஃபோர்ஸ் என்ற மாயசக்தி கிடையாது, ரத்த ரிப்போர்ட் கிடையாது, அப்பா யார் என்ற மர்மமும் கிடையாது. முதல் டெத் ஸ்டாரில் கலம் அடிபட்டதும் விலகி உயிரோடு வந்தான். 1980-இல் பனிக் கிரகத்தில் இயந்திர யானையின் காலில் கயிறு சுற்றிக் கவிழ்த்தான். 1983-இல் இரண்டாவது டெத் ஸ்டாருக்குள்ளேயே புகுந்து அடித்துவிட்டுத் திரும்பினான். அவனுக்கு ஒழுங்காக ஒரு முகம்கூடக் கொடுக்கவில்லை. 1977 படத்தின் ஆலோசனைக் காட்சியில் வெட்ஜாக உட்கார்ந்திருப்பவர் காலின் ஹிக்கின்ஸ். கலத்துக்குள் பறப்பவர் டெனிஸ் லாசன். லாசனுக்குக் குரல் கொடுத்தவர் டேவிட் அங்க்ரம். அந்த லாசனின் சகோதரி மகன் யுவன் மெக்ரிகர் 1999-இல் ஓபி-வான் கெனோபியாக, கதாநாயகர்களில் ஒருவராக, நேரடியாக உள்ளே வந்தார்.